முகத்துக்கு ஊசி: பாட்டாக்ஸ், ஃபில்லர், புரோஃபைலோ, பி.ஆர்.பி., சால்மன் – எதற்கு எது?

குடந்தைக்காரி
செப்டம்பர் 28, இரவு 9.40

வணக்கம். எனக்கு வயது 47, ஊர் கும்பகோணம். வருகிற தை கடைசியில் மூத்த மகளுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தப் படங்கள் போன வாரம் வந்தன. ஒரு படத்தைப் பார்த்து, "என் அம்மா எப்போது மேடைக்கு வந்தாள்?" என்று மகளிடம் கேட்டேன். அது நான். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

என் முகத்தில் இருப்பதைச் சொல்கிறேன். புருவத்துக்கு நடுவே செங்குத்தாக இரண்டு கோடு, சும்மா இருக்கும்போதும் நிற்கிறது. மூக்கோரத்திலிருந்து வாய்வரை ஒரு மடிப்பு. இரண்டு கன்னத்திலும் மங்கு, பழுப்புத் திட்டாக. சின்னவள் வயிற்றில் இருந்தபோது வந்தது, 18 வருடமாகப் போகவில்லை. அப்புறம் மொத்தமாகவே தோல் வாடிக் கிடக்கிறது.

இங்கே ஓர் அழகு நிலையத்தில் மூன்று முறை சால்மன் ஊசி, ஒரு முறை குளுட்டாதயோன் டிரிப் (தோல் வெளுக்க நரம்பில் ஏற்றுவது), எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்கிறார்கள். இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவர் பாட்டாக்ஸ் போதும் என்றார். திருச்சியில் இன்னொருவர் புரோஃபைலோதான் சரி என்றார். மூன்று இடத்தில் மூன்று பதில். இவற்றில் ஒன்று இன்னொன்றுக்கு மாற்றா, இல்லை ஒவ்வொன்றும் வேறு வேலையா? போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.


தோல்பிரிவுச் செவிலி
செப்டம்பர் 28, இரவு 11.15

அக்கா, முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் 14 வருடமாகத் தோல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் இதைப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எந்த ஊசி உள்ளே போய் என்ன செய்யும் என்பதைச் சொல்ல முடியும். நீங்கள் எழுதியதில் நான்கு தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது. ஒரே ஊசி நான்கையும் தீர்க்காது. உங்களுக்கு மூன்று பதில் கிடைத்ததற்குக் காரணமும் அதுதான், ஆளுக்கொன்றைப் பார்த்திருக்கிறார்கள்.

புருவ நடுக்கோடு தசையின் வேலை. வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, யோசிக்கும்போது நெற்றியைச் சுளித்துச் சுளித்து, தோல் ஒரே இடத்தில் மடிந்து பழகிவிடுகிறது. பாட்டாக்ஸ் அந்தத் தசைக்குப் போகும் நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் வெளியே வராமல் தடுக்கிறது. கட்டளை போகாததால் தசை ஓய்ந்து கிடக்கும். மூன்று நான்கு நாளில் தெரிய ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழுசாகப் பிடிக்கும். மூன்று நான்கு மாதத்தில் பழைய நிலை. தோலின் நிறத்துக்கோ ஈரத்துக்கோ அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

மூக்கோர மடிப்பு அப்படியில்லை. வயது ஏற ஏறக் கன்னத்துக் கொழுப்பு வற்றிக் கீழே இறங்கும், அடியில் இருக்கும் எலும்பும் கொஞ்சம் உள்வாங்கும். கால் சாய்ந்த பந்தலில் கீற்று தொய்கிற மாதிரி தோல் தொய்ந்து மடிகிறது. இதற்குத்தான் ஃபில்லர். பெரும்பாலும் ஹையலுரானிக் அமிலம்; நம் தோலிலேயே இருக்கும் பொருள், தண்ணீரைப் பிடித்துவைப்பது. அப்படியே ஏற்றினால் உடம்பு சில நாளில் கரைத்துவிடும். அதனால் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லியாக்கிப் போடுகிறார்கள். பொருளையும் இடத்தையும் பொறுத்து 6 மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை நிற்கும்.

புரோஃபைலோவிலும் அதே அமிலம்தான், ஆனால் அந்தப் பிணைப்பு இல்லை. இடத்தை நிரப்பாது. தோலுக்குள் பரவி ஈரம் கொடுக்கும், தோலைக் கொஞ்சம் இறுக்கும். 2 மில்லியில் 64 மில்லிகிராம். ஒரு கன்னத்துக்கு 5 இடம், ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை. வாடிய தோலுக்கு இது பொருந்தும். மடிப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மங்குக்கு மேலே சொன்ன மூன்றும் ஆகாது. அதைப் பிறகு எழுதுகிறேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.


மன்னை மருந்துக்கடை
செப்டம்பர் 29, காலை 7.05

செவிலி அம்மா சொன்னதோடு மருந்துக்கடைக்காரன் பக்கத்திலிருந்து ஒன்று.

பாட்டாக்ஸ் குப்பிக்குள் இருப்பது பொடி. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். போடும் அன்று உப்புநீர் சேர்த்துக் கரைப்பார்கள். சிரிஞ்சு ஊசியை ரப்பர் மூடியில் குத்தியதும், அழுத்தாமலே குப்பி உப்புநீரைத் தானாக உள்ளே இழுக்கும். உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இழுக்கவில்லை என்றால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. கரைத்த பிறகு 24 மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறது அதே தாள். "உங்கள் கண் முன்னால் குப்பியைத் திறக்கிறோம்" என்று சொல்லும் இடத்துக்கும், ஏற்கெனவே நிரப்பிய சிரிஞ்சைத் தட்டில் கொண்டுவரும் இடத்துக்கும் நிறைய வித்தியாசம்.

நம் பக்கத்தில் குளிர்ப்பெட்டி பெரிய விஷயம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது மன்னார்குடியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் டீசலும் தீர்ந்து, கடையில் இருந்த இன்சுலின் முழுவதையும் என் கையால் எடுத்து அப்புறப்படுத்தினேன். மழைக்காலத்தில் எங்கே போட்டுக்கொண்டாலும், மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இன்னொன்று: பாட்டாக்ஸ் யூனிட்டும், அதே வகையில் வேறு கம்பெனி மருந்தான டிஸ்போர்ட்டின் யூனிட்டும் ஒன்றல்ல. புருவ நடுவுக்குப் பாட்டாக்ஸில் வழக்கமான அளவு 20 யூனிட், டிஸ்போர்ட்டில் 50. யூனிட் விலையை மட்டும் வைத்து இது மலிவு, அது மலிவு என்று ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.


குடந்தைக்காரி
செப்டம்பர் 29, மதியம் 1.20

ரொம்ப நன்றி. முன்பணம் கட்டவில்லை. ஒரு சந்தேகம். பாட்டாக்ஸ் என்பது கெட்டுப்போன சாப்பாட்டில் வரும் நஞ்சு என்று என் தம்பி சொல்கிறான். உண்மையா?


தோல்பிரிவுச் செவிலி
செப்டம்பர் 29, மதியம் 3.45

உண்மைதான் அக்கா. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி உண்டாக்கும் நஞ்சு. 1820களில் ஜெர்மனியில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் கெட்ட சாசேஜ் தின்று கை கால் செயலற்றுப் போனவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். லத்தீனில் சாசேஜுக்கு பாட்டுலஸ் என்று பெயர், அதிலிருந்து வந்ததுதான் இது. மிகக் குறைந்த அளவில், மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் மருந்தாக 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கேருத்தர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண், புருவத்துக்கு நடுவிலும் போடச் சொல்லிக் கேட்டாராம். அங்கே போட்டால் முகம் தெளிவாக இருக்கிறது என்று. ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவரும் அதைப் பின்தொடர்ந்து 1992இல் கட்டுரை எழுதினார்கள். புருவக் கோட்டுக்கு அமெரிக்க அனுமதி வந்தது 2002இல்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. இடம் தப்பினால் ஓர் இமை சில வாரம் சரிந்து நிற்கும். பிறகு தானாகச் சரியாகும், ஆனால் அந்தச் சில வாரத்தில் கல்யாணம் வந்துவிடக் கூடாது.


மாயவரம் டு சிங்கப்பூர்
செப்டம்பர் 30, காலை 6.30

நான் மயிலாடுதுறை, இங்கே 11 வருடம். வயது 41. ரெஜூரான் என்ற சால்மன் ஊசி நான்கு முறை, புரோஃபைலோ இரண்டு முறை போட்டிருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன்.

சால்மன் ஊசி என்று ஊரில் சொல்வது பாலிநியூக்ளியோடைடு. சால்மன் மீனின் விந்துவிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த டி.என்.ஏ. துண்டுகள். கொரியாவிலிருந்து பரவியது. வலி அதிகம். முகம் முழுக்க நூற்றுக்கணக்கான சின்னக் குத்து, மரப்புக் களிம்பு போட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று முழுக்க முகத்தில் கொசு கடித்த மாதிரி வரிசை வரிசையாகப் புடைப்பு. மறுநாள் மாலைக்குள் இறங்கிவிட்டது. மூன்றாவது முறைக்குப் பிறகு கண்ணுக்குக் கீழே இருந்த மெல்லிய சுருக்கம் குறைந்தது, மேக்கப் திட்டுத் திட்டாக நிற்காமல் ஒட்டியது. புரோஃபைலோவில் குத்து குறைவு, கன்னம் பளிச்சென்று இருந்தது, ஆறு மாதத்தில் பழையபடி. எனக்கு ரெஜூரான்தான் பிடித்தது. 45,000க்கு மூன்று முறை கிடைத்தால் நான் போட்டுக்கொள்வேன் அக்கா.


தோல்பிரிவுச் செவிலி
செப்டம்பர் 30, இரவு 8.10

தங்கச்சி சொல்வதை நான் மறுக்கவில்லை, பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை.

பாட்டாக்ஸுக்கும் ஹையலுரானிக் ஃபில்லருக்கும் 20 வருடத்துக்கு மேல் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. பாலிநியூக்ளியோடைடுக்கு இருப்பவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், குறுகிய காலம். பலன் இருக்கலாம். ஆனால் 45,000 ரூபாயை முதலில் கொட்ட வேண்டிய இடம் அதுவல்ல.

இரண்டாவது, உங்களுக்குப் போட்டது மருத்துவர். அக்காவுக்குப் போடப் போவது அழகு நிலையம். நம் தோலில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்துப்போக வாய்ப்பு உண்டு. மங்கு உள்ள கன்னத்தில் நூறு குத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். சுவரில் மாட்டிய "டிப்ளமா" சான்றிதழ் எத்தனை இருந்தாலும், ஊசி போடுகிறவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் வரவில்லை என்றால் அந்தப் படியைத் திரும்ப மிதிக்க வேண்டாம்.


பட்டுக்கோட்டைத் தங்கை
அக்டோபர் 1, இரவு 12.50

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், எனக்கு 36. ஊர் பெயரும் இடத்தின் பெயரும் வேண்டாம். மூக்கோர மடிப்புக்கு ஃபில்லர் போட்டுக்கொண்டேன். இடது பக்கம் போடும்போதே சுரீரென்று ஒரு வலி. வலது பக்கம் அப்படி இல்லை. சொன்னேன். "அப்படித்தான் இருக்கும்" என்று ஐஸ் வைத்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் மேல் உதட்டின் இடது பாதி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு திரும்பவே இல்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது மூக்கோரத்திலிருந்து உதடு வரை மீன்வலை விரித்த மாதிரி ஊதாக் கோடுகள். போன் செய்தேன். "ரத்தக்கட்டு, இரண்டு நாளில் போகும்" என்றார்கள்.

மறுநாள் காலை மூக்கோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். என் சித்தப்பா மகன் மருத்துவம் படிக்கிறான், படம் அனுப்பினேன். பார்த்த உடனே போன் செய்து, "அக்கா, இது ரத்தக்குழாய் அடைப்பு, இப்போதே கிளம்பு" என்றான். போன இடத்தில் ஃபில்லரைக் கரைக்கும் ஹையலுரானிடேஸ் ஊசி போட்டார்கள், அன்றைக்கே மூன்று தடவை. உதடு பிழைத்தது. மூக்கோரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்ணாகி, ஆறி, இன்றைக்கும் குழியாக இருக்கிறது.

எனக்குப் போட்ட இடத்தில் அந்த மாற்று மருந்து இல்லவே இல்லை. அதுதான் இன்றுவரை ஆறவில்லை.


மன்னை மருந்துக்கடை
அக்டோபர் 1, காலை 6.40

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. படித்துவிட்டுக் கடை திறக்கவே மனசு வரவில்லை.

ஹையலுரானிடேஸ் கிடைக்காத மருந்து இல்லை. கண்புரை அறுவையின்போது மரப்பு ஊசியோடு கண் மருத்துவர்கள் சேர்த்துப் போடுவது இதைத்தான். ஃபில்லர் ஊசியின் விலையோடு பார்த்தால் இதன் விலை ஒன்றுமே இல்லை. ஃபில்லர் போடும் இடத்தில் குளிர்ப்பெட்டியில் இது இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம், இது கரைப்பது ஹையலுரானிக் ஃபில்லரை மட்டும்தான். கால்சியம் ஹைட்ராக்சிலபடைட், ரேடியஸ் என்று வருவது, இதற்குக் கரையாது. ஸ்கல்ப்ட்ரா என்கிற பாலி லாக்டிக் அமிலமும் கரையாது. அவை கொலாஜனைத் தூண்டுகிற வகை, கூடுதல் நாள் நிற்கும் என்று சொல்லி விற்கிறார்கள். நிற்கும்தான். பிசகினாலும் அப்படியே நிற்கும்.


தோல்பிரிவுச் செவிலி
அக்டோபர் 1, மாலை 5.30

படிக்கிற எல்லோரும் பட்டுக்கோட்டைத் தங்கை எழுதிய அடையாளங்களை மனசில் வையுங்கள். ஃபில்லர் போடும்போதோ போட்டபிறகோ அளவுக்கு மீறிய வலி, தோல் வெளுப்பது, அழுத்தினால் சிவப்பு திரும்பாதது, வலைமாதிரி ஊதா நிறம். இதில் எது வந்தாலும் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது. பார்வை மங்கினால் நிமிடக்கணக்கு. நேராகக் கண் மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு. மூக்கு, புருவ நடு, மூக்கோரம், நெற்றி ஆகிய இடங்களில் ஓடும் குழாய்கள் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்புள்ளவை. ஃபில்லரால் பார்வை போவது மிக அரிது, ஆனால் போனால் பெரும்பாலும் திரும்புவதில்லை. புருவக் கோட்டுக்குப் பாட்டாக்ஸ் போதும், அங்கே ஃபில்லர் வேண்டாம் என்று நல்ல மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.


நாயனக்காரர்
அக்டோபர் 2, காலை 10.15

அம்மா, வணக்கம். நான் நாதஸ்வரம் வாசிக்கிறவன். திருவாவடுதுறைப் பக்கம், வயது 52. மேல் உதட்டுக்கு மேலே கோடு கோடாக இருக்கிறது. 40 வருடமாகச் சீவாளியைக் கடித்து ஊதியதில் வந்தது. கச்சேரிப் படங்களில் தெரிகிறது, பையன் பாட்டாக்ஸ் போடச் சொல்கிறான். செய்யலாமா?


தோல்பிரிவுச் செவிலி
அக்டோபர் 2, மதியம் 2.00

ஐயா, தயவுசெய்து உதட்டைச் சுற்றிப் போடாதீர்கள். நீங்கள் சீவாளியைப் பிடிப்பதே அந்த வட்டத் தசையால்தான். அதைத் தளர்த்தினால் காற்று ஓரத்தில் கசியும், ஸ்வரம் நிற்காது. காற்று வாத்தியக்காரர்களுக்கு அந்த இடத்தில் போடுவதில்லை. மருத்துவரிடம் போனால் முதல் வார்த்தையாக நாயனம் வாசிக்கிறேன் என்று சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க வேண்டும், கேட்காமலும் போகலாம். இரவில் பூசும் ட்ரெட்டினாயின் களிம்பு பற்றிக் கேட்டுப் பாருங்கள். மெதுவாக வேலை செய்யும், வாசிப்பைத் தொடாது.


தஞ்சை நாட்டிய வகுப்பு
அக்டோபர் 2, மாலை 6.45

நாயனக்காரர் ஐயா கேட்டது நல்ல கேள்வி. நான் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். நெற்றியில் பாட்டாக்ஸ் போட்டு இரண்டு வாரத்தில் ஒரு பதம் பிடிக்க நின்றேன். விரகத்துக்குப் புருவம் ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. மனசுக்குள் உணர்ச்சி இருந்தது, முகத்துக்கு வரவில்லை. மாணவிகள் முன்னால் நின்று அழுகை வந்துவிட்டது. மூன்றரை மாதத்தில் திரும்பி வந்தது. இப்போது புருவ நடுவில் மட்டும், பாதி அளவு, மேடை நிகழ்ச்சி இல்லாத ஆடியில் போட்டுக்கொள்கிறேன். முகத்தால் பிழைப்பவர்கள் அளவைக் குறைத்து ஆரம்பிப்பது நல்லது. குறைந்தால் இரண்டு வாரம் கழித்துக் கூட்டிக்கொள்ளலாம். கூடிவிட்டதைக் குறைக்க வழியில்லை.


ஓடம்போக்கி
அக்டோபர் 3, காலை 8.20

திருவாரூரிலிருந்து. பி.ஆர்.பி. பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

முகப்பருத் தழும்புக்கு மாதம் ஒருமுறையாக மூன்று முறை போட்டேன். கையிலிருந்து ரத்தம் எடுத்து இயந்திரத்தில் சுழற்றுவார்கள். குழாயைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்: அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக ஒரு நீர். தட்டணுக்கள் நிறைந்த அந்த நீரைத்தான் நுண்ணூசியோடு சேர்த்துப் போடுகிறார்கள். நம் ரத்தம் என்பதால் ஒவ்வாமைப் பயம் குறைவு. பலன்? குழிகள் கொஞ்சம் மேடேறின. என்னை அருகில் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கும் முறை வேறு, அதனால் ஒருவருக்குக் கிடைத்த பலன் இன்னொருவருக்கு அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

நம் ரத்தம்தானே என்று கண்ட இடத்தில் போடுவதும் ஆபத்து. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் 2018இல் இந்த வகை ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது, அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024இல் அறிக்கையாக வெளியிட்டது. குழாயில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா, ஊசி புதிதாகப் பிரிக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள்.


நடவுக்காரி மகன்
அக்டோபர் 3, இரவு 9.00

எல்லாம் படித்தேன். கோபப்படாதீர்கள், ஒன்று கேட்கிறேன். என் அம்மா 30 வருடம் நடவு நட்டவள். குனிந்த முகத்துக்கு மேலிருந்து வெயில், வயலில் நிற்கும் தண்ணீரிலிருந்தும் வெயில். அவள் முகத்தில் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் நான் நெல்மணியாகத்தான் பார்க்கிறேன். அதை எதற்கு அழிக்க வேண்டும்? கல்யாணச் செலவோடு இதுவும் ஒரு செலவா?


குடந்தைக்காரி
அக்டோபர் 3, இரவு 10.30

தம்பி, உங்கள் அம்மாவை நீங்கள் அப்படிப் பார்ப்பது அவர்கள் செய்த புண்ணியம். எனக்கு என் கோடுகள் நெல்மணி இல்லை. கணவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த ஆறு வருடத்தில் வந்தவை. அவர் இப்போது நன்றாக இருக்கிறார். கோடு மட்டும் அந்த ஆறு வருடத்திலேயே நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஏன் கோபமாக இருக்கிறீர்கள்" என்று கேட்கிறார்கள். என் மகள் கல்யாணத்தில் அந்தக் கேள்வி எனக்கு வேண்டாம். அவ்வளவுதான் தம்பி.


நடவுக்காரி மகன்
அக்டோபர் 3, இரவு 10.52

சரிங்க அக்கா. புரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். மங்குக்கு என்ன செய்யலாம் என்று செவிலி அம்மா எழுதினால் என் அம்மாவுக்கும் உதவும். அவளுக்கும் இருக்கிறது, எரிச்சல் என்கிறாள்.


தோல்பிரிவுச் செவிலி
அக்டோபர் 4, மாலை 4.20

தம்பி கேட்டதால் இப்போதே எழுதுகிறேன். வெள்ளைத் தோல்காரர்களுக்கு வயது முதலில் சுருக்கமாக வரும். நமக்குப் பெரும்பாலும் நிறமாற்றமாகத்தான் முதலில் வருகிறது. எங்கள் புறநோயாளிப் பிரிவில் "முகம் வாடிப்போச்சு" என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் மங்குதான் இருக்கும்.

மங்குக்கு வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, அடுப்புச் சூடு எல்லாம் காரணம். முதல் மருந்து சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30க்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தோல் நிறம் கலந்த வகை மங்குக்கு நல்லது. அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் மறைக்கும். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 903 பேரை நான்கரை வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளியான ஆய்வு. இவ்வளவு மலிவாக இப்படிப் பலன் தரும் ஊசி எதையும் நான் பார்த்ததில்லை.

தம்பி, அம்மாவுக்கு எரிச்சல் என்றால் முதலில் அவர் என்ன க்ரீம் பூசுகிறார் என்று பாருங்கள். கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்தது நிறைய. ஒரு வாரம் பளிச்சென்று காட்டி, பிறகு தோலை மெலியவைத்து, விட்டால் எரியவைக்கும். டியூபோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகை மூன்றிலும் கல்லூரி இருக்கிறது. திடீரென்று நிறுத்தாமல் அவர்கள் சொல்கிறபடி குறையுங்கள்.

அக்கா, அந்த குளுட்டாதயோன் டிரிப் வேண்டவே வேண்டாம். தோல் வெளுக்க அதை நரம்பில் ஏற்றுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துத் துறை 2011லேயே எச்சரித்திருக்கிறது: சிறுநீரகம், தைராய்டு, உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை.


மாயவரம் டு சிங்கப்பூர்
அக்டோபர் 5, காலை 6.10

அக்கா, நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். எனக்கு மங்கு கிடையாது, போட்டது மருத்துவர். உங்கள் கணக்கு வேறு. பட்டுக்கோட்டைத் தங்கை எழுதியதைப் படித்தபிறகு நான் ஃபில்லர் போட வைத்திருந்த தேதியையும் தள்ளிவைத்துவிட்டேன்.


குடந்தைக்காரி
நவம்பர் 24, இரவு 8.30

நாளாகிவிட்டது, மன்னிக்கவும். தஞ்சாவூர் மருத்துவரிடமே போனேன். பதிவு எண் கேட்டேன், முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். இந்த இழையில் படித்த கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

மங்குக்கு அக்டோபரிலேயே ஆரம்பித்துவிட்டார்: நிறம் கலந்த சன்ஸ்கிரீன், இரவில் அசெலாயிக் அமிலக் களிம்பு. பாட்டாக்ஸுக்கு, கல்யாணத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கட்டும், ஏதாவது பிசகினாலும் சரியாக நேரம் இருக்கும் என்று இந்த வாரத் தேதி கொடுத்திருந்தார். சனிக்கிழமை போட்டேன். குப்பியை என் முன்னால்தான் பிரித்தார். மருந்துக்கடை அண்ணன் சொன்ன மாதிரியே உப்புநீர் தானாக உள்ளே ஓடியதைப் பார்த்தேன். 20 யூனிட், ஐந்து குத்து, யூனிட் 350 ரூபாய், மொத்தம் 7,000. நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது, நெற்றியைத் தேய்க்கக் கூடாது என்றார். வழக்கமான சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டுவிட்டேன்.

ஃபில்லர் பற்றிக் கேட்டேன். மாற்று மருந்து குளிர்ப்பெட்டியில் இருந்ததைத் திறந்தே காட்டினார். ஆனால், "உங்கள் மடிப்பு அவ்வளவு ஆழம் இல்லை, இந்த வருடம் வேண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டார். புரோஃபைலோ கல்யாணச் செலவு முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.


குடந்தைக்காரி
பிப்ரவரி 9, மதியம் 12.15

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. படங்கள் நேற்று வந்தன. புருவக் கோடு இல்லை. மூக்கோர மடிப்பு இருக்கிறது, சிரிக்கிற படத்தில் நன்றாகவே இருக்கிறது. மங்கு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது; முகூர்த்தத்துக்கு ஓமப்புகையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் சிவக்கவில்லை. ஒருவர்கூட ஏன் கோபம் என்று கேட்கவில்லை. மார்ச்சில் பாட்டாக்ஸ் இறங்கிவிடும். திரும்பப் போடுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பட்டுக்கோட்டைத் தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அழகு நிலையத்தில் என் நாத்தனார் 10,000 முன்பணம் கட்டியிருந்தாள், உதட்டுக்கு ஃபில்லர். நீங்கள் எழுதியதை அச்செடுத்து அவள் கையில் கொடுத்தேன். உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். மறுநாளே போய், ஹையலுரானிடேஸ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அப்படி என்றால் என்ன என்று கேட்டார்களாம். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.